வயக்காட்டுல நட்சத்திரம் பாக்க 400 ரூபா, போகலாமா?

போன மே கடைசில குடும்பத்தோட போய்ட்டு வந்தோம். வலங்கைமான் தாண்டி, உளுந்து எடுத்துட்டு சும்மா கெடக்குற வயல்ல டெலஸ்கோப் வச்சு காட்டுறாங்க, தலைக்கு 400, ராத்திரி டிபனோட. மேட்டூர் தொறந்து தண்ணி வந்துட்டா அங்க கால் வைக்க முடியாது, அதனால கோடைல மட்டுந்தான்.

மொதல்ல கொறைய சொல்லிடறேன். நோட்டீஸ்ல கலர் கலரா போட்டிருக்காங்களே, அந்த மாதிரி எதுவும் கண்ணுக்கு தெரியாது, அத நம்பி போயிராதீங்க. 8 மணின்னு சொல்லிட்டு ஆரம்பிக்கறப்ப ஒம்போதே முக்கா. பக்கத்து பம்ப்செட் கொட்டாயில ஒரு பல்பு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு, ஒருத்தர் போயி அணைக்கணுமே, ம்ஹூம். இட்லி ஆறிப்போச்சு. கொசுவ பத்தி டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

ஆனா காட்டுறவரு ரிட்டயர்டு ஃபிசிக்ஸ் வாத்தியார், அவருக்காக எத்தன தடவ வேணா போகலாம். பத்து மணிக்கு மேல தெக்கால தென்னந்தோப்புக்கு கொஞ்சம் மேல ஆல்ஃபா செண்டாரிங்கற ரெட்டை நட்சத்திரத்த புடிச்சு குடுத்தாரு. நம்மூர்லேர்ந்து அது 18 டிகிரி உயரத்துக்கு மேல ஏறவே ஏறாதாம், மலை கிலை மறைக்காத பூமிங்கறதால நல்லாவே தெரியுது. தாழ இருக்கறதால தோசக்கல்லு அனல்ல பாக்கற மாதிரி ஆடுது. என் பையன் ஒண்ணுதாம்மா இருக்குன்னான், நான் கண்ண வச்சு கொஞ்ச நேரம் மூச்ச புடிச்சு பாத்தா ரெண்டு, ஒண்ணு நம்ம சூரியன் ஜாதி, இன்னொண்ணு கொஞ்சம் மங்கலா மஞ்ச தூக்கலா.

நான் ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கறவன்னு என் வீட்டுக்காரர் சொல்லிட்டாரு, அவ்ளோதான், "அப்ப உனக்குத்தாம்மா இது நல்லா புரியும்"னு சேர இழுத்து போட்டுட்டாரு சார். நாம ஆள் மேல எக்ஸ்ரேய அடிக்கறோம், அங்க நட்சத்திரமே அடிக்குது, அதோட கொரோனா, அதான் நட்சத்திரத்த சுத்தி வெளிய இருக்கற வாயு மண்டலம், பத்து இருவது லட்சம் டிகிரில கொதிக்குதுல்ல. சூரியனோட காந்தம் 11 வருஷத்துக்கு ஒரு சுத்து ஏறி எறங்குது, சாதா வெளிச்சத்துல அதால வர்ற வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்குதான், எக்ஸ்ரேல பத்து மடங்குக்கு மேலயே மாறுமாம். அதனால மத்த நட்சத்திரத்துக்கும் இப்படி சுத்து இருக்கான்னு எக்ஸ்ரேல பாக்கறாங்க, நம்ம காத்து மண்டலம் எக்ஸ்ரேய கீழ விடாதுங்கறதால சாட்டிலைட்லேர்ந்துதான் பாக்கணும். 1999 டிசம்பர்ல விட்ட எக்ஸ்எம்எம் நியூட்டன்ங்கற சாட்டிலைட் வருஷத்துக்கு ரெண்டு தடவ போல பாத்து பாத்து குறிச்சிருக்கு, சுகர்காரங்க செக்கப்புக்கு வர்ற மாதிரி.

அதுல ஒரு கதை சொன்னாரு பாருங்க. நாங்க பாத்த ரெண்டுல பெரிய நட்சத்திரம் 2005 வாக்குல அந்த சாட்டிலைட்டுக்கு கிட்டத்தட்ட காணாமயே போயிடுச்சு. அணைஞ்செல்லாம் போகல, கொரோனா கொஞ்சம் குளுந்து, அது விடுற எக்ஸ்ரேயோட எனர்ஜி எறங்கிடுச்சு, அந்த கருவிக்கு அவ்ளோ சாஃப்ட்டானது சரியா சிக்கல. சந்திரா சாட்டிலைட்ல இன்னும் சாஃப்ட்டான எக்ஸ்ரேய பாத்தா அது பாட்டுக்கு இருந்துச்சாம். "கேவி கம்மியா வச்சா ஃபிலிம் வெளுத்து போகுமே சார், அதுவா"ன்னேன் (கேவின்னா எங்க எக்ஸ்ரே மெஷினுக்கு வைக்கற வோல்டேஜ்). மனுஷனுக்கு ஒரே சந்தோஷம், "அதேதாம்மா!"ன்னு பக்கத்துல தூங்கிட்டிருந்த பெரியவர் முழிச்சுக்கற அளவுக்கு கத்திட்டாரு.

அயோட்டா ஹோரோலாஜின்னு சுமார் 60 கோடி வயசுல ஒரு இளசு, அதுக்கு 1.6 வருஷத்துலயே ஒரு சுத்து முடிஞ்சிருதாம், சூரியனுக்கு 460 கோடி வயசு, 11 வருஷம். அது குறுவை, நம்மது சம்பான்னாரு. அந்த வரப்புல நின்னுகிட்டு கேக்கறப்ப வேற எந்த உதாரணமும் இவ்ளோ பொருந்தியிருக்காது.

5க்கு 3.5 குடுப்பேன். அரைய கொறச்சது இட்லிக்கு, ஒண்ண கொறச்சது அந்த நோட்டீஸுக்கு. சின்ன புள்ளைங்க பத்தரைக்கு மேல தாங்காது, பாயும் போர்வையும் நீங்களே எடுத்துட்டு போங்க, அவங்க போடுற தார்ப்பாய் குத்துது.

கெளம்பறப்ப சார், அடுத்து 61 சிக்னி பாக்க புரட்டாசில வாங்கன்னாரு, அதுவும் ரெட்டை நட்சத்திரம், அதுல பெரியவருக்கு 7 வருஷ சுத்தாம். புரட்டாசில வயல் பூரா தண்ணி நிக்குமே சார்னு கேட்டேன். "எங்க வீட்டு மாடி இருக்கும்மா, ஆனா டிபன் கெடையாது"ன்னாரு. அது இன்னும் நல்லதா போச்சு.