பெரிய பேட்டரியில் மின்சாரம் இருந்தும் நகராத கார்

இரண்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் மின்சாரக் காரின் ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. சென்னை நெரிசலில் அதன் அமைதிக்குப் பழகியபின் பெட்ரோல் காருக்குத் திரும்ப மனம் வராது. ஆனால் சென்ற மாதம் திண்டிவனத்தில், முதன்மை பேட்டரியில் 70 சதவீதம் மின்சாரம் இருந்தும், அது கதவைக்கூடத் திறக்க மறுத்தது. காரணம், தீர்ந்துபோன 12 வோல்ட் துணை பேட்டரி: பூட்டும் திரையும் கணினியும் அதை நம்பியே இயங்குவதோடு, பெரிய பேட்டரியை மோட்டாருடன் இணைக்கும் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) வேலை செய்வதற்கும் அதன் மின்சாரமே வேண்டும்.

பாதித் தவறு என்னுடையது. முந்தைய இரவு கல்யாண மண்டப வாசலில், காரை முழுமையாக இயக்காமல், துணை பேட்டரியிலேயே மூன்று மணி நேரம் கிரிக்கெட் வர்ணனை கேட்டதோடு, திரையில் வந்த எச்சரிக்கையையும் விரலால் தள்ளிவிட்டேன். மறுபாதி விற்பனையாளருடையது, கதவைக் கையால் திறக்க ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவே இல்லை. உதவி மையமோ, சக்கரங்கள் தரையில் உருளாதபடி தட்டு லாரியில் ஏற்ற வேண்டிய வண்டிக்கு இழுவைக் கயிற்றோடு ஆளை அனுப்பியது (நல்லவேளை, அவருக்கே சந்தேகம் வந்தது). கடைசியில் பக்கத்து டாக்ஸிக்காரரின் ஜம்ப் கேபிள் (ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொன்றின் பேட்டரிக்கு மின்சாரம் தரும் கம்பி) பத்தே நிமிடத்தில் காரை எழுப்பிவிட்டது.

ஓட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு, சேவைக்கு ஒன்று.