கிண்டிலில் குடும்ப நாவல்: கடை நல்ல கடைதான், திண்ணைதான் இல்லை

தமிழில் காதல் கதை எழுதுகிறவர்கள் அதைக் காதல் கதை என்று சொல்வது குறைவு. குடும்ப நாவல் என்பதுதான் வழக்கு. இருவர் சேர வேண்டும், சேர்வதற்குள் இரண்டு வீட்டு ஆட்களும் நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை குறுக்கே வர வேண்டும், கடைசியில் வளைகாப்பிலாவது போய் முடிய வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு மாத நாவல்தான் வழி. இப்போது இணைய நாவல் தளத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று யூடி, அதாவது புதுப் பகுதி, போட்டுத் தொடராக எழுதுகிறார்கள். முடிந்ததும் தளத்திலிருந்து லிங்க்கை எடுத்துவிட்டு, அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏற்றுகிறார்கள். அந்தக் கடைசிப் படிதான் இங்கே மதிப்பீட்டுக்கு வருகிறது: அமேசானின் கிண்டில் நேரடிப் பதிப்புச் சேவை, எழுதுகிறவர்கள் பேச்சில் கேடிபி.

தமிழ் நூல்கள் கிண்டில் கடைக்கு முறையாக வந்தது 2016 இறுதியில். கணக்குத் திறக்கக் காசு இல்லை, ஐஎஸ்பிஎன் வாங்க வேண்டியதில்லை, அமேசானே தன் அடையாள எண்ணைப் போட்டுக்கொள்ளும். வங்கிக் கணக்கு வேண்டும், வரிக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். அந்த வரிப் பக்கத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அங்கே பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால், அமெரிக்கக் கடையில் விற்பதற்கான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆக இறங்கும். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் உட்கார்ந்து தமிழ் நாவல் படிக்கும் கூட்டம் சின்னதல்ல என்பதால், இந்த ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

கோப்புக்கு வருவோம். சேவையின் மேல் வரும் புகார்களில் பாதி உண்மையில் கோப்பின் மேல் வர வேண்டியவை. பிடிஎஃப் ஏற்றலாம் என்ற வசதி சில ஐரோப்பிய மொழிகளுக்குத்தான். தமிழுக்கு வேர்ட் கோப்போ இபப் என்ற மின்னூல் கோப்போ வேண்டும், எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய மாத நாவல்களை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து அப்படியே ஏற்றுகிறவர்கள் உண்டு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. கதாநாயகி பெயர் கௌரி என்று வையுங்கள். மாற்றிய கோப்பில் அது பல நேரம் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக ‘கெளரி’ ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் பாதி கௌரிகள் கிடைக்கமாட்டார்கள், வாசித்துக் காட்டும் வசதியோ அவளைக் கெளரி என்றே கூப்பிடும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவது இன்னொன்று. ஏற்றுவதற்கு முன் வேர்டில் ‘கெள’, ‘வெள’, ‘மெள’ என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் ‘வெள்ளம்’ வௌ்ளமாகி வேறு கூத்து ஆகும்.

குரல்வழித் தட்டச்சு வந்த பிறகு இந்தத் துறையின் வேகமே மாறிவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே போனில் ஒரு காட்சியைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது ல, ள, ழவையும் ன, ணவையும் குழப்பும். ‘பள்ளித் தோழி’ பல்லித் தோழியானால் யாராவது சிரித்துச் சொல்லிவிடுவார்கள். மனமும் மணமும் அப்படிப் பிடிபடாது. காதல் கதையில் இரண்டுமே எந்த வாக்கியத்திலும் பொருந்திப்போகும், எழுத்துப்பிழைத் திருத்தி இரண்டையும் சரி என்றே விட்டுவிடும். அந்த இரண்டு சொல்லையும் தனியே தேடிப் பார்ப்பதுதான் ஒரே வழி. நிறுத்தக்குறியும் மேற்கோள் குறியும் குரலில் சரியாக விழாது. உரையாடல் நிறைந்த அத்தியாயத்தில் யார் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் போகும்.

வேர்டில் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் ‘தலைப்பு 1’ பாணியைக் கொடுத்து, அதிலிருந்து பொருளடக்கத்தை உருவாக்க வேண்டும். தலைப்பைப் பெரிய தடித்த எழுத்தில் அடித்துவிட்டால் மட்டும் போதாது, கருவிக்கு அது தலைப்பு என்று தெரியாது. பத்தித் தொடக்கத்துக்கு இடவெளிப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் போன் திரையில் தாறுமாறாக விழும், பத்தி அமைப்பில் உள்தள்ளலைக் கொடுப்பதே சரி. இன்னொரு சின்ன விஷயம்: ‘நினைத்துக்கொண்டிருந்தவளைப்பார்த்து’ என்று சேர்த்தே எழுதும் பழக்கம் காகிதத்தில் பரவாயில்லை. போனின் குறுகிய திரையில் இருபக்கமும் சீராக்கும்போது, முந்தைய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஓர் ஆறு ஓடும். கிண்டில் பிரிவியூவர் இலவசம். ஏற்றும் முன் அதில் போன், டேப்லெட், கிண்டில் கருவி மூன்றிலும் புரட்டிப் பார்க்கலாம். வெளியிடு என்று அழுத்தினால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் கடைக்கு வந்துவிடும்.

பணம். விலையில் எழுதியவருக்கு 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு திட்டங்கள். எல்லாரும் 70ஐத்தான் தொடுவார்கள், ஆனால் இந்தியக் கடையில் அந்த 70 வேண்டுமென்றால் நூலின் மின்வடிவத்தை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். 70 திட்டத்தில் கோப்பின் எடைக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் விநியோகக் கட்டணம் பிடிப்பார்கள். வரி நீங்கலாக 100 ரூபாய் விலை, கோப்பு ஒரு மெகாபைட் என்றால், 93 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 65 ரூபாய் 10 காசு. செலக்டில் சேராமல் விட்டால் 35 ரூபாய். வெறும் எழுத்து மட்டுமுள்ள நாவலுக்கு எடை ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு அத்தியாயத் தலையிலும் ரோஜாப்பூப் படம், நடுவில் ஜோடிப் படம் என்று ஒட்டுகிறவர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் அதற்கு வாடகை கட்டுகிறார்கள். மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துப் பணம் வரும். ஜனவரிக் கணக்கு மார்ச் கடைசியில்.

செலக்ட் என்பது 90 நாள் ஒப்பந்தம். அந்த நாள்களில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்காகப் பத்து சதவீதம்வரை வெளியில் வைக்கலாம். லிங்க் எடுத்தாச்சு என்று அறிவித்துவிட்டுப் பழைய வலைப்பூவில் முதல் இருபது எபியை, அதாவது தொடரின் அத்தியாயங்களை, மறந்து வைத்திருப்பதுதான் வழக்கமான சறுக்கல். செலக்டில் சேர்க்கும் முன், நாவலின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடிப் பார்க்கலாம். மறந்துபோன பதிவும் கிடைக்கும், பிடிஎஃப் திருடர்களின் பக்கமும் கிடைக்கும். கோப்பை நகலெடுக்காமல் தடுக்கும் டிஆர்எம் பூட்டைப் போடலாம்தான். திரையைப் படம் பிடித்து டெலிகிராமில் கொட்டுகிறவரை அது தடுக்காது.

செலக்டில் சேர்ந்த நூல் கிண்டில் அன்லிமிடெடிலும் சேர்ந்துவிடும். குடும்ப நாவலுக்கு முக்கியமான வாசல் இதுதான். மாதச் சந்தா கட்டிய வாசகர் படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பைசாக் கணக்கில் பங்கு வரும். பக்கம் என்பது அமேசான் தனக்கென வைத்திருக்கும் சீரான அளவு, எழுத்தைப் பெரிதாக்கியோ வரிக்கு வரி இடம் விட்டோ அதை ஊதிப் பெருக்க முடியாது. இந்த அளவுகோல் எழுதும் முறையையே இழுத்துவிட்டது. 25 அத்தியாயத்தில் முடிய வேண்டிய கதை 60க்குப் போகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு கடத்தல், ஒரு விபத்து, ஒரு பழைய காதலி. நீளத்துக்குக் கூலி கிடைக்கும்தான், வாசகர் பாதியில் மூடாத வரை. மூடினால் அதற்குப் பிந்திய பக்கங்களுக்கு ஒன்றும் இல்லை.

இதைவிட மனசைக் குடைவது இன்னொரு விதி. ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல்முறை படிப்பதற்கு மட்டுமே கணக்கு. காதல் நாவலின் உயிரே மறுவாசிப்பு. மாமியாரோடு சண்டை போட்ட அன்று, காய்ச்சலில் படுத்திருக்கும் அன்று, அதே நாவலின் அதே பதினேழாம் அத்தியாயத்தைத் தேடிப்போகிற வாசகி ஒவ்வொரு எழுத்தாளருக்கும் இருப்பார். அவர் பத்தாவது முறை படிப்பதற்கு இங்கே மதிப்பு சுழி. மறுவாசிப்புக்குரிய நூல் என்று நினைத்தால் காகிதப் பதிப்பையும் தனியே அச்சிடுவது நல்லது. செலக்டின் கட்டுப்பாடு மின்வடிவத்துக்கு மட்டும்தான்.

நாவலின் கடைசியில் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை வைக்கலாம். அப்படிச் சேர்க்கும் கூடுதல் சரக்கு மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய மூன்று நாவல்களைப் பின்னால் கட்டிப் பக்கம் சேர்க்கும் வேலை நூலையே கடையிலிருந்து இறக்கிவிடும்.

தொடரை நாவலாக்கும்போது ஒட்டுத்தையல் வேலை நிறைய. ‘ஹாய் மக்களே’, ‘நாளைக்கு யூடி இல்லை’ எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பது தெரிந்ததே. மறக்கப்படுவது, வார இடைவெளியில் வாசகருக்கு நினைவூட்ட எழுதிய அந்த இரண்டு பத்திகள். தொடரில் அவை உதவி, ஒரே மூச்சில் படிக்கும்போது அரைத்த மாவு. உறவுமுறையையும் தாளில் வரைந்து சரிபார்க்க வேண்டும். மூன்றாம் எபியில் அப்பத்தாவாக வந்தவர் முப்பதில் அம்மாச்சியாவது தொடரில் சகஜம். அவர் அப்பாவைப் பெற்றவரா அம்மாவைப் பெற்றவரா என்பதில்தான் நாயகன் முறைப்பையனா இல்லையா என்பதே நிற்கிறது. சொத்துத் தகராறு உள்ள கதையென்றால் கேட்கவே வேண்டாம்.

அட்டை 2560க்கு 1600 புள்ளி, ஜேபெக். சினிமா நடிகர் படத்தை ஒட்டுவது இந்தத் துறையின் பழைய நோய், உரிமைச் சிக்கலில் கொண்டுவிடும். செயற்கை நுண்ணறிவில் செய்த ஜோடிப் படம் என்றால், 2023 செப்டம்பரிலிருந்து ஏற்றும்போதே அதைச் சொல்லியாக வேண்டும். அட்டையைப் பெரிதாகப் பார்த்து மகிழ்வதை விட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். வளைந்து நெளிந்த தமிழ் எழுத்துரு அந்த அளவில் கோலமாகத்தான் தெரியும். தேடல் சொற்களுக்கு ஏழு கட்டங்கள் உண்டு. தமிழ் வாசகரில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் நாவலைத் தேடுகிறார்கள் என்பதால், அதில் நாலையாவது அப்படி நிரப்புவது நல்லது.

இதுவரை கடையின் குணம். இல்லாத ஒன்று, வாசகரோடு உட்கார்ந்து பேசும் திண்ணை. தொடர் எழுதுகிறவருக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மழை, இளையராஜா என்று பேட்டியில் சொல்வார்கள். நடைமுறையில் பாதி ஊற்று கருத்துப் பெட்டிதான். ‘தம்பிக்கும் அந்த டாக்டர் பொண்ணுக்கும் ஏதோ இருக்கே’ என்று நாலு பேர் எழுதினால் அடுத்த நாவல் பிறந்துவிடும். ‘இவன் செய்ததற்கு ஒரு ஸாரி போதாது’ என்று வாசகிகள் கொதித்தால் மன்னிப்புக் காட்சி மூன்று எபி தள்ளிப்போகும், கதையும் உருப்படும். பிரதிலிபி போன்ற செயலிகளில் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. கிண்டிலில் கிடைப்பது ஒரு கோட்டு வரைபடம். நேற்று இத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று தெரியும், எந்த இடத்தில் அழுதார்கள் என்று தெரியாது. எங்கே மூடினார்கள் என்றும் தெரியாது. ஆகவே தொடரை நிறுத்திவிட்டு நேரே கிண்டிலுக்கு எழுதும் முடிவு, நாலைந்து நாவல் கண்டவருக்குச் சரிப்படலாம். முதல் நாவலைக் கையில் வைத்திருப்பவருக்குச் சரிப்படாது.

இன்னும் சில: 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். வரிசை நாவல்களில் முதல் பாகத்துக்கு மட்டும் அதைச் செய்தால் பயன் உண்டு, தனி நாவலுக்கு வெறும் தானம். செலக்டில் சேர்த்த அன்றே 90 நாள் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடவும். தானாகப் புதுப்பிக்கும் பெட்டியில் டிக் இருந்தால் அடுத்த 90 நாளும் கட்டுப்பட்டதாகிவிடும். ‘ரீரன் போடுங்க அக்கா’ என்று, பழைய தொடரை மறுபடி போடச் சொல்லித் தளத்தில் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.