புதுச்சேரியில் பழைய மாளிகை: பிரெஞ்சுப் பகுதியா, தமிழர் பகுதியா?

புதுச்சேரியில் புதுப்பிக்கப்பட்ட பழைய மாளிகையை வாங்க எண்ணுபவர், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலையொட்டிய பிரெஞ்சுப் பகுதியையா, மேற்கேயுள்ள தமிழர் பகுதியையா நாடுவது என முதலில் முடிவு செய்ய வேண்டும். பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலுக்குள் தோட்டமும் வளைவுகளுமாக ஒதுங்கி நிற்கும். தமிழ் வீடோ தெருத் திண்ணையில் தொடங்கித் தாழ்வாரம், முற்றம் என உள்ளே விரியும், சிலவற்றில் மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். விடுதி நடத்த முன்னது பொருந்தும். குடியிருப்பதற்கு, சீரமைப்புக்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது பெற்ற, தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதி போன்ற இடங்களையே நான் விரும்புவேன், திண்ணையை விட்டுக்கொடுக்க மனம் வராது. உப்புக்காற்று கடலோர வீட்டையே கூடுதலாகத் தாக்கும். எங்கு வாங்கினாலும், பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயரும் என்பதால், புது வண்ணத்தில் மயங்காமல் சுவரின் அடிப்பகுதியையும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தட்டைக் கூரையைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகளையும் பார்க்க வேண்டும்.