நொச்சியா, சிட்ரோனெல்லாவா, துளசியா? வடசென்னை மாடிக்கு எது சரி?

கொசுவுக்குச் செடி கேட்டால் நர்சரிகளில் பெரும்பாலும் சிட்ரோனெல்லா புல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாசனையில் குறையில்லை. ஆனால் எந்தச் செடியும் தொட்டியில் சும்மா நின்றால் கொசு ஓடாது. எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினாலோ புகைத்தாலோதான் வெளியே வரும். அதனால் வெட்ட வெட்ட எது தழைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் நொச்சிக்கே என் ஓட்டு. பென்சில் தடிமனில் முக்கால் அடிக் குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாண எரு 1. தொட்டி 15 அங்குலம். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று அசைத்துப் பார்ப்பவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். துளிர் முதலில் வரும், வேர் அப்புறம்தான். இடுப்பு உயரத்தில் நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் புதராக அடர்கிறது. வெட்டிய இலையை நிழலில் காயவைத்து, அந்தி நேரத்தில் கங்கில் ஒரு பிடி போடலாம். வீட்டில் வீசிங் உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் புகை வேண்டாம்.

சிட்ரோனெல்லாவுக்கு 6 மணி நேர வெயிலும் நல்ல தண்ணீரும் வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்பேறிய போர் தண்ணீரையே ஊற்றினால் இலை நுனி தீய்ந்தமாதிரி பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். உரக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் கதை முடிந்தது. மெட்ரோ தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ தொட்டியின் கொள்ளளவில் இருமடங்கு ஊற்றி, அடித்துளை வழியாக உப்பை வடிக்க வேண்டும். வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள்: செந்நிறம் ஓடினால் சிட்ரோனெல்லா, வெளிர்பச்சையாக இருந்தால் டீயில் போடும் எலுமிச்சைப்புல்.

துளசி பூஜைக்கும் கஷாயத்துக்கும் சரி, கொசுவுக்குக் கடைசி இடம்தான். கதிரைக் கிள்ளாமல் விட்டால் விதை கட்டி, குச்சியாகிவிடும்.

எதை வைத்தாலும் அடித்தட்டில் தண்ணீர் நின்றால், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு அங்கேயே பிறந்துவிடும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.