டிப் மாற்றக் கொடுத்த கியூ, மரம் தேய்ந்து திரும்பி வந்தது

பூல் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பந்தை அடிக்கிற கோலான கியூவின் முனையில் ஒட்டியிருக்கிற தோல் துண்டுதான் டிப். அதை மாற்றுவது சின்ன வேலைதானே என்று நம்பி கியூவைக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். டிப் போனதுகூடப் பெரிதில்லை, கியூவின் முன்பாதி மரமான ஷாஃப்டே போய்விட்டது.

பழைய டிப் காளான் மாதிரி ஓரத்தில் பிதுங்கி, நடுவில் 2 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. அதற்கு மேலும் ஆடினால் அடி நேராக டிப்புக்குக் கீழே மர முனையை மூடியிருக்கிற உறையான ஃபெரூலில் இறங்கும், ஒரு நாள் அது விரிசல் விடும். அதனால் பன்றித்தோலில் செய்த அடுக்கு டிப், மீடியம் கடினம், என்று தெளிவாகக் கேட்டேன். அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் போனபோது கியூவின் முனை பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டதுதான் நான் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் மூன்றாவது ஆட்டம். அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கிற முதல் அடியான பிரேக் அடித்ததும் 'டக்' என்று சத்தம். டிப் கழன்று மேசைத் துணியில் கிடந்தது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சூப்பர் குளூ ஓரத்தில் மட்டும் கண்ணாடி வளையம் போலக் காய்ந்திருந்தது. நடுவில் பசை தொட்ட அடையாளமே இல்லை, தோல் தூசி அப்படியே இருந்தது. ஃபெரூலின் மேல்முகத்தைக் கட்டைவிரலால் தடவினால் நடுவில் குழி. பழைய டிப்பைப் பிளேடால் நெம்பி எடுத்தபோது ஃபெரூலும் சேர்ந்து பெயர்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்யாமல், குழிமேலேயே பசையை விட்டு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு முகமும் தட்டையாக இருந்து, முழுப் பரப்பும் ஒட்டினால்தான் டிப் நிற்கும். குழியைப் பசை நிரப்பிக்கொள்ளும் என்பது பொய். காய்ந்த சூப்பர் குளூ விறைப்பானது, பலமாக அடி விழுந்தால் நொறுங்கிவிடும்.

சந்தேகம் வந்து அந்த டிப்பைக் குறுக்கே வெட்டினேன். அடுக்கு டிப் என்றால் மெல்லிய தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெட்டுமுகத்தில் கோடு கோடாகத் தெரிய வேண்டும். இதில் ஒரு கோடுகூட இல்லை. ஒரே துண்டாக அழுத்திய தோல், பக்கவாட்டில் மட்டும் கறுப்புச் சாயம். ஒற்றைத் தோல் டிப் மட்டமானது என்று சொல்லவில்லை, அதை விரும்பி ஆடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் நான் கேட்டதும் பணம் கொடுத்ததும் அதற்கில்லை.

இதெல்லாம் திரும்பச் செய்துகொள்ளலாம். செய்ய முடியாதது இனிமேல்தான். என் ஷாஃப்ட் முனை 12.75 மில்லிமீட்டர். டிப் அளவு பார்ப்பதற்காக முந்தின வாரம்தான் காலிப்பரில் அளந்திருந்தேன். இப்போது ஃபெரூலுக்குக் கீழே 12.3. டிப்பை மையத்தில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி ஒட்டிவிட்டு, அது தெரியாமல் இருக்க டிப், ஃபெரூல், மரம் எல்லாவற்றையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். முறையாகச் செய்கிறவர் ஃபெரூலைவிடக் கொஞ்சம் பெரிய டிப்பை ஒட்டி, ஃபெரூலில் டேப் சுற்றி, லேத்தில் சுழலவிட்டு, கூரான பிளேடால் டிப்பின் ஓரத்தை மட்டும்தான் சீவுவார். மரத்தில் கை வைக்க வேண்டிய தேவையே வராது.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்க ரொம்ப வேகமா அடிக்கிறீங்க சார். சின்னத் தோல் துண்டுதானே, விடுங்க, இன்னொண்ணு ஒட்டித் தர்றேன்" என்றார் கடைக்காரர். பிரேக் அடிக்கத் தாங்காத டிப்பை எதற்கு ஒட்ட வேண்டும்? அந்தச் சின்னத் தோல் துண்டுதான் ஆட்டமே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கியூ முனையில் தோலை வைத்து என்னென்ன செய்யலாம் என்று காட்டிய பிறகுதான் வெள்ளைப் பந்தைச் சுழற்றுகிற இந்தக் கலையே வளர்ந்தது. டிப் அதில் தடவுகிற சாக் பொடியைப் பிடிக்காவிட்டால், பந்தைப் பின்னால் இழுக்கிற டிராவும் இல்லை, பக்கவாட்டில் சுழற்றுகிற சைடும் இல்லை. கியூவை அவரிடம் இரண்டாவது முறை கொடுக்கவில்லை.

வேறொருவர் ஃபெரூலை மாற்றி, புது டிப் போட்டுக் கொடுத்தார். என்னை எதிரிலேயே உட்கார வைத்துச் செய்தார். பசை காயும்வரை சீவவும் இல்லை. மரத்தைத்தான் அவராலும் திருப்பித் தர முடியவில்லை. கியூ ஓடுவதற்காக விரலை வளையமாக வளைத்துப் பிரிட்ஜ் பிடித்தால் முனைப் பக்கம் இன்றும் தளர்வாக ஓடுகிறது, இத்தனை வருடம் பழகின கை ஒவ்வொரு ஷாட்டிலும் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

கொடுப்பதற்கு முன் ஃபெரூலுக்குக் கீழே அளந்து, அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அங்கேயே நின்று அதே இடத்தில் அளந்து பாருங்கள். எந்த டிப் போடப் போகிறார் என்பதை ஒட்டும் முன்பே கையில் வாங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணெதிரே செய்ய முடியாது என்றால் கியூவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.