முதலில் கட்டுரையா, முதலில் இதழா? டர்பனிலிருந்து மருத்துவ ஆய்விதழுக்கு எழுதுவோருக்கு ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் தாள்கட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, "அக்கா, எழுதி முடித்துவிட்டேன். எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களைப் பற்றி எம்.மெட். என்ற மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு அது. முன்னுரை மட்டும் ஒன்பது பக்கம் இருந்தது. ஆய்வு நல்ல ஆய்வு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொடக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கடைசியில் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் சிறப்பு மருத்துவராகப் பதிவு பெற ஓர் ஆய்வையும் முடித்தாக வேண்டும் என்ற விதி 2011 முதல் நடப்பில் இருப்பதால், இதே இடத்தில் வந்து நிற்கும் இளைஞர்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுதி முடித்துவிட்டு இதழைத் தேடுவது ஒரு வழி. இதழை முடிவு செய்துகொண்டு, எழுதுவோருக்கு அது தரும் நெறிகளைப் பக்கத்தில் வைத்து எழுதுவது இன்னொரு வழி. முதல் வழியில் நன்மை இல்லாமல் இல்லை. எந்த வரம்பும் மனத்தில் இல்லாதபோது தரவு சொல்வதையெல்லாம் எழுதிப் பார்க்க முடிகிறது, எழுதும்போதே நம் வாதத்தின் ஓட்டைகளும் தெரிகின்றன. பட்ட ஆய்வேட்டுக்கு அதுவே பொருந்தும். இதழுக்கு அது பொருந்தாது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரு மூல ஆய்வுக் கட்டுரைக்குத் தருவது 2,700 சொற்கள், சுருக்கத்துக்கு 250 சொற்கள், மேற்கோள்களுக்கு 40 இடங்கள். வேறு பல மருத்துவ இதழ்களின் வரம்புகளும் இதைவிடப் பெரிதும் தாராளமானவை அல்ல. எட்டாயிரம் சொற்களில் எழுதியதை மூவாயிரத்துக்குக் குறைக்கும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் ஆய்வுமுறைப் பகுதிதான், ஏனெனில் முன்னுரைமேல்தான் நமக்குப் பாசம் அதிகம். கட்டுரையை ஏற்கலாமா என்று இதழுக்காகப் படித்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவதோ அந்த ஆய்வுமுறையைத்தான். ஆகவே ஆய்வேடு வேறு, கட்டுரை வேறு என்று வைத்துக்கொண்டு, கட்டுரையை இதழின் அளவுக்கே புதிதாக எழுதுவதுதான் என் தேர்வு. முன்னுரைக்கு மூன்று பத்திகள் போதும்: இதுவரை தெரிந்தது, தெரியாதது, நாம் தேடியது.

அப்படியானால் எந்த இதழ்? கருத்து வேறுபாடு மிகுந்த இடம் இது. ஒருபுறம் வெளிநாட்டுப் பெரிய பொது மருத்துவ இதழ்கள். மறுபுறம் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழ், ஆப்பிரிக்க முதனிலைப் பராமரிப்பு மற்றும் குடும்ப மருத்துவ இதழ் போன்ற நம் மண்ணின் இதழ்கள். பெரிய இதழில் வந்தால் பெயர் பரவும், மேற்கோளாக எடுத்தாளப்படும் வாய்ப்பு கூடும், பதவி உயர்வுக் குழுவும் மகிழும். ஆனால் அவை தமக்கு வருவனவற்றில் மிகச் சிலவற்றையே ஏற்கின்றன. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதும் உலகெங்கும் நிலவும் விதி. எனவே ஒவ்வொரு மறுப்பும் நம் காலத்தைத் தின்கிறது. என் முதல் கட்டுரையைப் பெயர்பெற்ற வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். பதினொரு வாரம் கழித்து, எந்த மதிப்பீட்டாளர் கையிலும் போகாமலே, வட்டாரத்துக்கு மட்டும் உரிய செய்தி என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அந்த வரி அன்று என்னை வருத்தியது. இன்று யோசித்தால், வட்டாரத்துக்கு உரிய செய்தியை வட்டாரத்தாரிடமே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

டர்பனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு மிகுந்திருப்பதை 1960-களிலேயே எடுத்துச் சொன்ன கட்டுரைகள் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் வந்தன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் துறையில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கொள்ளுப்பேரர்களுக்கும் இந்த நோய் ஏன் இப்படி வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடுகிற மருத்துவர் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் இருக்கிறார்; அவர் படிப்பது இந்த இதழ்களை. பல்கலைக்கழகத்துக்கும் இழப்பில்லை. உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால் அரசு மானியம் கிடைக்கிறது, உள்ளூர் இதழ்கள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதனிலை மருத்துவமனைத் தரவு என்றால் உள்ளூர் இதழ். எந்த நாட்டு நோயாளிக்கும் சிகிச்சையை மாற்றக்கூடிய சோதனை என்றால் வெளிநாட்டு இதழ். இதுவே என் அளவுகோல்.

மின்னஞ்சலில் தாமாக அழைத்து, ஒரே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இதழ்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அந்த அங்கீகாரப் பட்டியலில் இதழின் பெயர் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஆய்வுக் கட்டுரையா, ஒற்றை நோயாளியைப் பற்றிய குறிப்பா என்ற தேர்வு. ஒற்றை நோயாளிக் குறிப்பு எளிதென்று இளைஞர்கள் நம்புகிறார்கள். பக்கம் குறைவு, புள்ளியியல் இல்லை, உண்மைதான். ஆனால் ஒப்புதல் விஷயத்தில் அதுவே கடினமானது. பெயரை நீக்கினால் போதும் என்பது நம் சிறு சமூகத்தில் செல்லாது. "சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும், கோயில் பூசாரி ஒருவரின் 58 வயது மனைவி" என்று எழுதினால், காவடித் திருவிழாவுக்குப் போகிற யாரும் அந்த அம்மாவை அடையாளம் காண்பார்கள். வயதைப் பத்தாண்டு வரம்பாக்கி, ஊரையும் கணவர் தொழிலையும் நீக்கி, எழுதிய பிரதியை அவரிடமே படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். 2021 ஜூலை முதல் முழு வலிமையோடு நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாகவே வைத்திருக்கிறது. பலரின் பதிவேடுகளை வைத்து எழுதும் கட்டுரையில் தனி ஒருவர் தெரிவதில்லை. அங்கே நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மாகாண சுகாதாரத் துறையின் அனுமதியும் ஆய்வு தொடங்குமுன் இருக்க வேண்டும். பின்தேதியிட்டு அந்த அனுமதியைப் பெற முடியாது. அனுமதி எண்ணைக் கட்டுரையில் குறிக்க மறந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பிரதிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மேற்கோள்களைக் கையால் எண்ணிடுவதா, மென்பொருளிடம் விடுவதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மருத்துவ இதழ்கள் பல கேட்கும் வான்கூவர் முறையில், மேற்கோள்கள் கட்டுரையில் தோன்றும் வரிசையில் எண்கள் ஏறும். நடுவில் ஒரு மேற்கோளைச் செருகினால் மற்ற அனைத்தும் மாறும். தென்னாப்பிரிக்க மருத்துவ இதழ் எண்ணைச் சதுர அடைப்புக்குள், எழுத்துக்கு மேலே இடச் சொல்கிறது. வேறு இதழ் வேறு விதமாகக் கேட்கும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் ஜோட்டெரோ இலவசம். எண்ட்நோட்டுக்குப் பணம் உண்டு. பல்கலைக்கழகம் வாங்கித் தந்திருந்தால் அங்கிருந்து விலகும் நாளில் உரிமமும் போய்விடக்கூடும். ஆகவே ஜோட்டெரோதான். கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேர்டா லேட்டெக்கா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் வேர்டு கோப்பையே கேட்கின்றன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இதழின் இணையப் படிவத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-இல், ஆறாம் திரையை நிரப்பிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், சுருக்கம் முதல் ஆசிரியர் விவரம் வரை அனைத்தையும் மீண்டும் ஏற்றினேன்.

மொழித் திருத்தத்துக்குப் பணம் கொடுத்து ஆள் வைப்பதைவிட, வேறு துறையில் பணிபுரியும் ஒரு சக மருத்துவரிடம் படிக்கக் கொடுப்பதே எனக்குப் பலன் தந்திருக்கிறது. அவருக்குப் புரியாத வாக்கியம் மதிப்பீட்டாளருக்கும் புரியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதைக் கட்டுரையாசிரியராகக் குறிக்கக் கூடாது என்று மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023-இல் தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

கடைசியாக, சரிபார்ப்புப் படிவம். நோயாளிகளுக்குப் புதிய சிகிச்சை எதையும் தராமல் கவனித்துப் பதிவு செய்யும் நோக்காய்வுகளின் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் ஸ்ட்ரோப் படிவத்தில் 22 கூறுகள் உள்ளன. இதைக் கட்டுரை முடிந்தபின் இணைப்பாக நிரப்புவோரே அதிகம். எழுதத் தொடங்கும் நாளிலேயே அதை அச்சிட்டு மேசையில் வைக்கச் சொல்வேன் நான். அந்த ஞாயிறு மாலை நாங்கள் இருவரும் அதை வரி வரியாகப் பார்த்தோம். முன்னுரை ஒன்பது பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாயிற்று. பன்னிரண்டாம் கூறில், விடுபட்ட தரவுகளை எப்படிக் கையாண்டீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. சில நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவே பதிவாகவில்லை என்பதும், அவர்களைச் சத்தமின்றி விட்டுவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதழின் பெயரை அன்று முடிவு செய்யவில்லை. தாள்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக் காலை பதிவேட்டை மறுபடி எடுக்கிறேன், அக்கா" என்று சொல்லிப் போனார்.