தசையும் எலும்பும் படிக்க எது கைகொடுக்கும்?

உடற்கூறியலில் ஸ்பாட்டர் தேர்வு, அடையாளமிட்ட உறுப்புக்குப் பெயர் எழுத வேண்டும். என் முன்னால் அறுத்து வைத்த ஒரு முன்கை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நட்ட நடுவில், வெளிறிய கயிறு ஒன்றில் நூல் கட்டி வைத்திருந்தார்கள். மீடியன் நரம்பு என்று துணிந்து எழுதினேன். அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசையின் நாண், அதாவது தசை போய் முடியும் கயிறு. நரம்பு அதற்கு அடியில் பதுங்கிக் கிடந்தது. முந்தைய இரவு உடற்கூறு அட்லஸில் அதே பக்கத்தை மூன்று முறை பார்த்திருந்தேன். அதில் நரம்பு மஞ்சள், நாண் வெள்ளை. குழம்ப வழியே இல்லை. கெடாமல் காக்கும் பார்மலினில் ஊறிய உடலில் இரண்டும் ஒரே நிறம்.

இப்போது முதலாண்டு மருத்துவப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். அட்லஸ் போதுமா? முப்பரிமாண ஆப் வேண்டுமா? ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று சீட்டு எழுதலாமா, அட்டவணை மனப்பாடம் பண்ணலாமா? மொத்தமாக எது நல்லது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எந்த இடத்துக்கு எது என்று கேட்டால் சொல்ல முடியும். என் விருப்பு வெறுப்பும் இதில் கலந்திருக்கும், மறைக்கப் போவதில்லை.

அட்லஸும் உடலும்

அட்லஸ் வரைந்தவர் பாதி வேலையை நமக்கு முன்பே முடித்துவிட்டார். கொழுப்பை அகற்றி, தசைகளைப் போர்த்திய உறையான ஃபேசியாவை உரித்து, தொல்லை தரும் சிரைகளை ஒதுக்கி, தமனிக்குச் சிவப்பு பூசித் தந்திருக்கிறார். அக்குளில் எதற்கு முன்னால் எது, எதற்குப் பின்னால் எது என்பதைப் பத்து நிமிடத்தில் கண்ணில் ஏற்ற வேறு எதனாலும் ஆகாது.

ஆனால் அவர் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு மனிதனை. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் மேசையில் கிடப்பவர் அந்த மனிதனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்னை ஏமாற்றிய பால்மாரிஸ் லாங்கஸ் சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு. மேற்கையின் பைசெப்ஸ் என்றால் இருதலை என்று பொருள், சிலருக்கு மூன்றாவது தலையும் இருக்கும். காலுக்குப் போகும் சையாட்டிக் நரம்பு, இடுப்புக்குப் பின்னால் உள்ள பைரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே வெளியே வரும் என்று படித்துவிட்டுப் போனால், அதன் ஒரு பிரிவு தசையைத் துளைத்துக்கொண்டு வருவதைப் பார்க்க நேரலாம்.

புத்தகத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்ற வழக்கு நம் காலத்தில் தொடங்கியதல்ல. மார்பெலும்பு ஏழு துண்டு, கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதி வைத்தார். அவர் அறுத்துப் பார்த்தவை விலங்குகள். மனிதரில் மார்பெலும்பு மூன்று பகுதி, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று 1543இல் உடற்கூறியலாளர் வெசாலியஸ் அச்சிட்டுக் காட்டும்வரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கேலன் சொன்னதே பாடம். இடையில் உடலை அறுத்தவர்கள் இல்லாமல் இல்லை. கண்டது ஒன்று, சொன்னது புத்தகத்தில் இருந்தது.

உடல் மட்டுமே கற்றுத்தரும் இன்னொன்று தொடுகை. நரம்பு திடமான கயிறு, அழுத்தினால் தட்டையாகாது. தமனி குழாய், விரலிடையில் உருட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது தெரியும். சிரையின் சுவர் மெல்லியது, பெரும்பாலும் ஒட்டிச் சுருங்கி, உள்ளே உறைந்த கறுப்பு ரத்தத்தோடு கிடக்கும். நாண் எது என்று சந்தேகமா? மெதுவாக இழுத்துப் பாருங்கள், மேலே எங்கோ ஒரு தசை அசையும். அன்று தேர்வில் தொட அனுமதி இல்லைதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் இருந்ததே.

உடலின் குறையையும் சொல்ல வேண்டும். ஒருவர் அறுப்பார், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். படிக்காமல் உள்ளே போனவருக்கு மூன்று மணி நேரமும் கொழுப்புதான் தரிசனம். அதனால் முந்தைய இரவு அட்லஸ், பகலில் உடல், அன்று மாலையே மறுபடி அதே அட்லஸ் பக்கம். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பகலில் கண்டதற்கும் படத்துக்கும் எங்கே பொருந்தவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அக்குள் தமனியின் மேல் மஸ்குலோக்யூட்டேனியஸ், மீடியன், அல்நார் என்ற மூன்று நரம்புகளும் சேர்ந்து ஆங்கில ‘எம்’ எழுத்துப் போல விரிவதை ஒருமுறை உடலில் கண்டுபிடித்துவிட்டு வந்து அட்லஸைத் திறந்தால், அந்தப் பக்கம் பிறகு மறக்காது.

எலும்பு கையிலா, திரையிலா?

முப்பரிமாண ஆப்பில் எனக்கு முதலில் மயக்கம் இருந்தது. சுழற்றலாம், அடுக்கடுக்காக உரிக்கலாம், தொட்டால் பெயர் வரும். அந்தப் பெயர் வருவதுதான் கேடு. பார்த்ததும் ‘ஆமாம், இது எனக்குத் தெரியும்’ என்று தோன்றும். தேர்விலோ நோயாளியின் உடலிலோ தொட்டால் பெயர் வராது. அடையாளம் தெரிவது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு. அளவும் தொலைந்துபோகும்: மணிக்கட்டில் பட்டாணி அளவே உள்ள பிசிஃபார்ம் எலும்பும், உடலிலேயே நீளமான ஃபீமர் என்ற தொடை எலும்பும் திரையில் ஒரே உயரத்தில் நிற்கும்.

முழங்கால் சில்லான பட்டெல்லாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் மேசையில் படும்படி, கூர்முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் நோக்கும்படி வையுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் காலின் எலும்பு அது, ஏனென்றால் வெளிப்புற மூட்டுப்பரப்பு பெரியது. இதைத் திரையில் செய்து காட்ட முடியுமா? காறை எலும்பான கிளாவிக்கிளும் அப்படித்தான். முதல் நாள் வளைந்த குச்சியாகத் தெரியும். தடித்த உட்புற முனை, தட்டையான வெளிப்புற முனை, கீழ்ப்பக்கப் பள்ளம் என்று விரல் பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டே வலமா இடமா சொல்லலாம்.

மேற்கை எலும்பான ஹியூமரஸ் ஒன்றுக்காகவே எலும்பு கையில் வேண்டும் என்பேன். பின்பக்கத் தண்டில் சாய்வாக இறங்கும் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டுங்கள், ரேடியல் நரம்பு ஓடுவது அங்கேதான். தண்டு நடுவில் முறிந்தால் ஏன் மணிக்கட்டு தொங்கிவிடுகிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. மேலே அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றி ஆக்சிலரி நரம்பு. அங்கே முறிந்தால் தோளின் உருட்சி போய்விடும். கீழே உட்புறக் குமிழுக்குப் பின்னால் அல்நார், முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது அதனால்தான். ஒரே எலும்பு, மூன்று முறிவு, மூன்று நரம்பு.

பிளாஸ்டிக் மாதிரிகள் இருக்கின்றன, ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. தசை ஒட்டும் சொரசொரப்பும் மெல்லிய வரம்புகளும் அதில் மழுங்கியிருக்கும். ஆப்பை நான் ஒதுக்கிவிடவில்லை. எட்டு மணிக்கட்டு எலும்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன, இடுப்புக்குப் பின்னால் தொடையைச் சுழற்றும் சிறு தசைகள் எந்த வரிசையில் அடுக்கியிருக்கின்றன, பாதத்தின் வளைவுகள் எவை என்ற மூன்றுக்கும் சுழற்றிப் பார்ப்பது உண்மையிலேயே உதவுகிறது.

அட்டவணையும் அறையும்

எல்லோரும் செய்வது அட்டவணை. தொடக்கம், முடிவு, நரம்பு, செயல் என்று நான்கு கட்டம். உடலில் தசைகள் அறுநூறுக்கு மேல். கைகால்களுக்கு மட்டும் எழுதினாலே நோட்டு நிறைந்துவிடும், மூன்றாவது வாரத்தில் முன்கையும் கணுக்காலும் கலந்துவிடும். நான் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் மறந்தேன். இதற்குப் போட்டியாக இருப்பது அறைக் கணக்கு. கைகால்கள் ஃபேசியாவால் அறை அறையாகப் பிரிந்திருக்கின்றன. நரம்பு எது என்று கேட்டால் தசை எந்த அறையில் இருக்கிறது என்று பார். செயல் என்ன என்று கேட்டால் தசை மூட்டை எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்று பார். இந்த இரண்டே கேள்வி.

மேற்கையின் முன்னறைக்கு மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு, பின்னறைக்கு ரேடியல். தொடையில் முன்னறை ஃபெமோரல், உள்ளறை ஆப்சுரேட்டர், பின்னறை சையாட்டிக். மனப்பாடம் செய்ய வேண்டியவை விதிவிலக்குகள் மட்டும். முன்கையின் முன்னறையில் எட்டுத் தசைகள். எல்லாம் மீடியனுக்கு, ஒன்றரை தவிர. அந்த ஒன்றரை (ஃப்ளெக்சர் கார்பை அல்நாரிஸ் முழுதாக, ஃப்ளெக்சர் டிஜிட்டோரம் புரோஃபண்டஸில் உட்பாதி) அல்நாருக்கு. எட்டு வரி ஒரு வரியாகிவிட்டது.

இரண்டு கேள்விகளையும் ஏன் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்கு முன்கையின் பிரேக்கியோரேடியாலிஸ் தசை ஒன்று போதும். நீட்டும் தசைகளின் அறையைச் சேர்ந்தது, எனவே ரேடியல் நரம்பு. ஆனால் முழங்கையை முன்பக்கமாகக் கடக்கிறது, எனவே மடக்குகிறது. அட்டவணைக்காரருக்கு இது ஒரு புதிர், தனியே உருப்போட வேண்டிய வரி. அறைக்காரருக்கு இரண்டு விதியும் தத்தம் வேலையைச் செய்திருக்கின்றன.

முழங்கையை நீட்டும் தசை பின்னால் இருக்க, முழங்காலை நீட்டும் தசை ஏன் முன்னால்? கருவில் கைமொட்டு வெளிப்பக்கமாகவும் கால்மொட்டு உட்பக்கமாகவும் திரும்பிக்கொள்கின்றன. இதை முதல் வாரத்திலேயே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அட்டவணையின் மேல் எனக்கு இன்னொரு கோபம் உண்டு. இடுப்புத் தசையான குளூட்டியஸ் மீடியஸுக்கு நேரே ‘தொடையைப் பக்கவாட்டில் விலக்கும்’ என்று எழுதியிருக்கும். தவறில்லை. ஆனால் நாள் முழுக்க நாம் காலைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டா திரிகிறோம்? எழுந்து நின்று இடுப்பின் வெளிப்பக்கத்தில் கையை வைத்து, மறு காலைத் தூக்குங்கள். கைக்கு அடியில் தசை இறுகும். தூக்கிய பக்கம் இடுப்பு சரியாமல் தாங்குவதுதான் ஒவ்வோர் அடியிலும் அதன் வேலை. அதன் நரம்பான சுபீரியர் குளூட்டியல் பழுதானால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கிவிடும். அதைத்தான் டிரெண்டலென்பர்க் அறிகுறி என்று வார்டில் கேட்பார்கள்.

இப்படித் தன் உடம்பிலேயே பார்ப்பது யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. என் பட்டியலில் முதலிடம் அதற்கே. வலது மேற்கையின் முன்பக்கம் இடது கையை வைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கியபடி, வலது கையால் திருகாணி இறுக்குவது போலத் திருப்புங்கள், பைசெப்ஸ் புடைக்கும். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதிலும் அது பலசாலி என்பது அப்போது புரியும். கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில் விழும் குழியின் தரையில் ஸ்காஃபாய்ட் இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட இதைப் படிக்கலாம், பார்ப்பவர்கள் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள்.

சீட்டும் வரைதலும்

இது சுருக்கமான வழக்கு. ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்றால் சீட்டு. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தன்னையே சோதிப்பது, வெறுமனே மறுவாசிப்பதைவிட நினைவில் நிற்கும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதற்குப் பக்கத்தில் எது என்பது சீட்டில் அடங்காது. கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸுக்கு முப்பது சீட்டு எழுதிய தோழி ஒருத்தி வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஐந்து வேர்களைச் சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றாள். வெற்றுத்தாளில் தண்டுவடத்திலிருந்து சி5 முதல் டி1 வரை ஐந்து வேர், மூன்று டிரங்க், ஆறு பிரிவு, மூன்று கார்ட், ஐந்து கிளை என்று வாரம் இருமுறை வரைபவருக்கு அந்தத் தவிப்பு வராது. மேல் வேர்கள் இழுபட்டால் எது போகும், கீழ் வேர்கள் இழுபட்டால் எது போகும் என்பதையும் அதே படத்தில் விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

உள்ளங்காலுக்கு வந்தபோது மட்டும் என் கொள்கை எல்லாம் சரிந்தது. தடித்த தோல், அதற்குக் கீழே கெட்டியான நார்ப்படலமான பிளாண்டார் அப்போனியூரோசிஸ், அதற்கும் கீழே நான்கு அடுக்குத் தசைகள். எங்கள் மேசையில் முதல் அடுக்கைத் தாண்டுவதற்குள் கத்தி மழுங்கிவிட்டது, நேரமும் முடிந்துவிட்டது. தொட்டுப் பார்க்கலாம் என்றால் வெளியே எதுவும் தட்டுப்படாது. அங்கே ஒரே ஒரு சீட்டு எழுதினேன்: மீடியல் பிளாண்டார் நரம்புக்கு நான்கு தசை, மற்றதெல்லாம் லேட்டரலுக்கு. அந்த நான்கின் பெயரையும் பின்பக்கம் எழுதி, தேர்வுக் காலை வரை சட்டைப்பையில் வைத்திருந்தேன்.